குறித்த நேரமும் கூப்பிட்ட குரலும்

வெளியூருக்குக் கிளம்புகிறவர் நாள், வழி, தங்குமிடம் எல்லாவற்றையும் முன்னமே முடிவு செய்துகொண்டு கிளம்புவதா, மனசுக்குப் பட்டதை நம்பிக் கிளம்பிவிடுவதா என்பது திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடக்கூடிய கேள்விபோலத் தோன்றும். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மனசுக்குப் படுவது அறிவா, ஆசையா? அறிவென்றால் அதன்மேல் காலை ஊன்றலாம். ஆசையென்றால் அது தனக்கு வேண்டிய பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சமயங்கள் மூன்றாவதாக ஒன்றையும் சொல்கின்றன: அது அழைப்பாகவும் இருக்கலாம். இந்த மூன்றும் உள்ளுக்குள் ஒரே குரலில்தான் பேசும். அதனால்தான் பயணத்தைப் பற்றிய இந்தச் சின்னக் கேள்வி தத்துவக் கேள்வியாகிறது.

இதை வைத்துப் பார்க்க ஆறுமுகநேரியைச் சுற்றியுள்ள நிலம் மிகவும் பொருத்தமானது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை பழையகாயல், முக்காணி, ஆத்தூர் தாண்டி இந்தப் பேரூராட்சிக்குள் நுழைந்து தெற்கே இறங்குகிறது. வெயில் காலத்தில் உப்பள வரப்புகளில் குவித்து வைத்த உப்பு கண்ணைக் கூசவைக்கும். சில கிலோமீட்டர் கிழக்கே போனால் காயல்பட்டினம். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் வடகிழக்கில். தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் திருச்செந்தூர். முருகனைப் பார்க்க நடந்து வருகிறவர்கள், கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்கள், தோணியிலும் கட்டுமரத்திலும் வாழ்ந்த கத்தோலிக்கப் பரதவர்கள் என்று மூன்று சமயத்தார் இந்தச் சிறு வட்டத்துக்குள் நூற்றாண்டுகளாகப் பயணப்பட்டிருக்கிறார்கள். எப்போது கிளம்புவது, எதை நம்பிக் கிளம்புவது என்று மூவருமே யோசித்திருக்கிறார்கள்.

தமிழரிடம் பயணத்துக்கு முன்னால் குறி பார்ப்பது மிகப் பழைய வழக்கம். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறம் போய்த் தொழுது, காதில் விழும் முதல் பேச்சுக்காகக் காத்து நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றை ஓர் ஆயர் மகள் தேற்றுகிறாள்: உன் தாயர் இப்போது வந்துவிடுவார்கள் என்று. அதையே நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இதற்கு விரிச்சி என்று பெயர். விரிச்சி கேட்பவர் உள்ளே கேட்கும் குரலை நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் விருப்பம் கலக்காத வெளிக்குரல் வேண்டும் என்பதற்காகவே, இவர்கள் கதை எதுவும் தெரியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து அது வர வேண்டியிருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மேற்கிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் தங்கிப் போகும் பெரிய நகரமாகக் காயலைப் பற்றி எழுதினார். ஆறுமுகநேரிக்கு வடக்கே இன்று அமைதியாகக் கிடக்கும் பழையகாயல் பகுதியே அது என்று கால்டுவெல் போன்றோர் அடையாளம் கண்டனர். இந்நாட்டு மக்கள் வாரத்தின் ஒவ்வொரு நாளிலும் ஒரு நேரத்தைக் கெட்ட நேரம் என்று ஒதுக்குவதையும், வழியில் தும்மல் கேட்டால் போகிறவர் உட்கார்ந்துவிடுவதையும் போலோ குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கெட்ட நேரத்துக்கு அவர் காதில் விழுந்த பெயர் 'சோயாக்'. பஞ்சாங்கத்தில் இன்றும் அச்சாகும் 'தியாஜ்யம்' என்ற சொல்லோடு அதைப் பின்னால் வந்த உரைகாரர்கள் இணைத்தார்கள்.

பஞ்சாங்கம் பயணத்துக்குப் போடும் கணக்கு நுட்பமானது. ராகுகாலம், எமகண்டம் போக, திசைக்கொரு சூலம் உண்டு. திங்களும் சனியும் கிழக்கே ஆகாது, செவ்வாயும் புதனும் வடக்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே, வியாழன் தெற்கே. போயே ஆக வேண்டுமென்றால் அதற்கும் பரிகாரம் இருக்கிறது: கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், மேற்குக்கு வெல்லம், தெற்குக்குத் தைலம். இவை எல்லாவற்றையும்விட அழகான ஏற்பாடு பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியவில்லை என்றால், அவருடைய துணியோ குடையோ ஒரு சாமானை அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு வசதியான நேரத்தில் போய் அதை எடுத்துக்கொள்வார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருச்செந்தூருக்கு வருகிறவர் தெற்கு நோக்கி வருகிறார். வியாழக்கிழமை தெற்கே சூலம். ஆனால் திருச்செந்தூர் குரு தலம் என்பதால் வியாழக்கிழமைதான் கூட்டம் அலைமோதுகிறது. சூலமும் குருவாரமும் ஒரே நாளில் எதிரெதிரே நிற்கும்போது சனம் குருவாரத்தையே எடுத்துக்கொள்கிறது. யாரும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. கேட்டால், அவன் சன்னதிக்குப் போக நாளென்ன நேரமென்ன என்பதுதான் பதிலாக வரும். கணக்கை மதிக்கும் சமூகம் கணக்கைத் தாண்டும் இடத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

அந்த இடத்துக்குத் தமிழில் இறையியல் அடித்தளம் போட்ட சம்பவம் ஒரு பயணத்தின் வாசலில் நடந்தது. 7ஆம் நூற்றாண்டில் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் மதுரைக்கு அழைத்தபோது திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டில், இன்றைய வேதாரண்யத்தில் இருந்தார். உடனிருந்த திருநாவுக்கரசர் வயதில் மூத்தவர். மதுரையில் என்ன காத்திருக்கும் என்பதைச் சமணரிடம் தாம் பட்ட பாட்டால் அறிந்தவர். நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று தடுத்தார். சம்பந்தர் பதிலாகப் பாடியதுதான் கோளறு பதிகம். கோள்களுக்கு வலிமை இல்லை என்றோ சோதிடம் பொய் என்றோ அவர் வாதிக்கவில்லை. கோள்களும் சிவனுக்கு உட்பட்டவை. ஆகவே அவன் அடியாருக்கு அவை நல்லவையே என்பது அவர் நிலை. நேரம் பார்ப்பவரும் பார்க்காதவரும் ஒரே உலகத்தில்தான் இருக்கிறார்கள். யாரை உடையவனாகக் கருதுகிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

பதிகத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சம்பந்தர் தமக்குத் தோன்றிய பக்கம் போகவில்லை. அவரை அழைத்தவர்கள் இருந்தார்கள்; போக வேண்டிய ஊர் இருந்தது; செய்ய வேண்டிய காரியம் இருந்தது; அடியார் கூட்டம் உடன் போனது. அவர் விட்டது அச்சத்தை மட்டும். நாவுக்கரசரின் எச்சரிக்கையைப் பெரியபுராணம் கோழைத்தனமாகக் காட்டவில்லை என்பதும் முக்கியம். அது அனுபவத்திலிருந்தும் அன்பிலிருந்தும் வந்த பேச்சு. இளையவரின் உறுதியையும் மூத்தவரின் கவலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேக்கிழார் மதிக்கிறார்.

உள்ளுணர்வு அறிவுதானா என்பதை இந்தியத் தருக்க நூலார் நேரடியாகவே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட உதாரணமும் பயணத்தைப் பற்றியது. ஒரு சிறுமி, நாளைக்கு அண்ணன் வருவான் என்று என் நெஞ்சு சொல்கிறது என்கிறாள். கடிதம் வரவில்லை, ஆள் சொல்லவில்லை, ஊகிக்க அடையாளமும் இல்லை. மறுநாள் அண்ணன் வந்து நிற்கிறான். வைசேடிக உரைகாரர் பிரசத்தபாதர் இத்தகைய அறிவைப் பிரதிபை என்ற பெயரில் பேசுகிறார்: பெரும்பாலும் முனிவர்க்கு உரியது, எப்போதாவது சாமானியருக்கும் வாய்ப்பது. மீமாஞ்சையில் குமாரிலர் இதை அறிவுக்கருவியாக ஏற்கவில்லை. 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து நியாய அறிஞர் சயந்த பட்டர் ஏற்றார். அவர் காரணம் சுருக்கமானது: அவள் சொன்னபோது அது ஐயமாக இல்லை, பிறகு பொய்யாகவும் போகவில்லை, அப்படியிருக்க அறிவென்று கொள்வதில் என்ன தடை?

சயந்தருடைய வாதத்தில் ஒரு சங்கடம் உண்டு. அண்ணன் வந்த பிறகுதான் அது அறிவு என்று தெரிகிறது. வராத அண்ணன்களுக்காக எத்தனை சிறுமிகள் வாசலில் நின்றார்கள் என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. பயணிக்கோ முடிவு முன்னாலேயே வேண்டும். பலித்த பின் கிடைக்கும் சான்றிதழால் கிளம்பும் நேரத்தில் பயனில்லை. எனவே உள்ளுணர்வைப் பெற்ற மனம் எப்படிப்பட்டது, எந்த நிலையில் இருந்தது என்று முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி தேவைப்படுகிறது. அப்படி ஒரு சோதனையை மிக விரிவாக வகுத்துக்கொண்ட ஒருவர் இந்தக் கரையிலேயே நடந்தார்.

இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று அவர் கடிதங்கள் எழுதிய, கடந்துபோன ஊர்களெல்லாம் திருச்செந்தூர்ச் சாலையில் போகிறவர் இன்றும் பெயர்ப்பலகையில் படிக்கும் ஊர்கள். 1544இல் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர்களைத் துரத்திப் பாறைகளில் ஒதுங்க வைத்தபோது, அவர் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து கடல்வழியே கிளம்பினார். திட்டத்தில் குறையில்லை. காற்று எதிரே அடித்தது. துடுப்புப் போட்டும் இழுத்தும் முனையை எட்ட முடியாமல் திரும்பி, பிறகு தரைவழியாகப் போனார்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. யாழ்ப்பாணத்துக்குப் படையோடு போவதாக இருந்த ஏற்பாடு நாகப்பட்டினத்தில் கலைந்துபோனது. தெற்கே திரும்பலாம் என்றால் காற்று விடவில்லை. அவர் மயிலாப்பூர் போய்த் தோமையார் கல்லறையில் சில மாதம் தங்கினார். அங்கேதான் கிழக்குத் தீவுகளில் உள்ள மக்காசருக்குப் போவதா என்பதை முடிவு செய்தார். 1545 மே மாதத்தில் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், நெடிய வேண்டுதலுக்குப் பிறகு உள்ளத்தில் பெரும் ஆறுதலோடு தெளிவு கிடைத்ததாகவும், போகாவிட்டால் இறைவன் சித்தத்துக்கு மாறாக நடந்தவனாவேன் என்றும் சொல்கிறார். வழியில் உள்ள மலாக்காவுக்குப் போர்த்துக்கீசக் கப்பல் போகாவிட்டால் பிறர் கப்பலில் போவேன். எந்தக் கப்பலும் இல்லாமல் இந்தக் கரையிலிருந்து ஒரு கட்டுமரம் மட்டும் போனாலும் அதில் ஏறிப் போவேன் என்பது அவர் உறுதி. கட்டுமரத்தில் மலாக்கா! இதை எழுதியவர் கட்டுமரம் என்றால் என்னவென்று தெரியாதவர் அல்லர். இரண்டரை ஆண்டு அதை ஓட்டுகிறவர்களோடு வாழ்ந்தவர். அந்த அறிவோடு சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

இந்த ஆறுதல் வெறும் உற்சாகம் இல்லை என்பதை அவர் எப்படி அறிந்தார்? பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரிடம் 1534இல் அவர் தியானப் பயிற்சி பெற்றிருந்தார். அந்தப் பயிற்சி முடிவெடுப்பதற்கு மூன்று வேளைகளைச் சொல்கிறது. ஐயத்துக்கே இடமில்லாமல் இறைவன் இழுத்துக்கொள்வது ஒன்று. மனத்தில் மாறி மாறி எழும் ஆறுதலையும் சோர்வையும் பல நாள் பொறுத்துக் கவனித்து எது எங்கே கொண்டுபோகிறது என்று அறிவது இரண்டாவது. இரண்டும் இல்லாதபோது, சாதக பாதகங்களை அமைதியாக எடை போட்டுப் பார்ப்பது மூன்றாவது. ஆக, திட்டமிடலும் உள்ளுணர்வும் இங்கே பகையில்லை. ஒன்று வாய்க்காதபோது மற்றது. மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்ற விதி எல்லாவற்றிலும் பயனுள்ளது. பாதி வழியில் திரும்பிவிடத் தோன்றுகிற ஒவ்வொரு பயணியும் அந்த நேரத்தில் பசியோடு இருக்கிறாரா, தூக்கம் கெட்டிருக்கிறாரா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாலே இந்த விதியின் அருமை விளங்கும்.

சவேரியார் மலாக்கா போய்ச் சேர்ந்தார். மக்காசருக்கு அவர் போகவே இல்லை. அங்கிருந்து செய்தி வராமல் காத்திருந்து, 1546இல் அம்போன் தீவுக்குப் போனார். அழைப்பு உண்மை, ஊர்ப்பெயர் தவறு என்று ஒருவர் சொல்லலாம். அழைப்பே கற்பனை என்று இன்னொருவர் சொல்லலாம். அவர் கடிதங்களைப் படிப்பவருக்கு முதல் விளக்கமே பொருந்துவதாகப் படும். உள்ளே கேட்ட குரல் அவரைக் கரையிலிருந்து கிளப்பியது. எந்தத் துறையில் இறங்குவது என்பதை வந்து சேர்ந்த செய்திகளும் காற்றும் கப்பலும் சொல்ல விட்டுவிட்டார்.

காயல்பட்டினத்தின் பதில் இன்னும் தெளிவான ஒழுங்கு உடையது. இலங்கைக்கும் அதற்கப்பாலும் வியாபாரத்துக்குப் போனவர்கள் ஊர் இது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வீட்டைப் பிரிந்து போகிற காரியத்தை எப்படி முடிவு செய்வது என்பது இங்கே ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. ஒரு காரியத்தில் இறங்கும் முன் இரண்டு ரக்அத் தொழுது, இது எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, இல்லையென்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்ற பொருளில் கேட்கும் இஸ்திகாரா தொழுகையை நபிவழி கற்றுத்தருகிறது. அதைத் தொழுதுவிட்டால் கனவில் பச்சையோ வெள்ளையோ தெரியும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. கனவு வர வேண்டியதில்லை என்பதே மார்க்க அறிஞர்கள் பலருடைய விளக்கம். விவரம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்க வேண்டும், தொழ வேண்டும், பிறகு மனம் சாய்கிற பக்கம் இறங்க வேண்டும், தடை வந்தால் அதையும் பதிலாக ஏற்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற பொருளில் வரும் புகழ்பெற்ற நபிமொழியும் இதையே சொல்கிறது. தவக்குல் என்ற நம்பிக்கை, முயற்சி முடிகிற இடத்தில் தொடங்குகிறது. இன்ஷா அல்லாஹ் என்பதை வேலையைத் தட்டிக்கழிக்கும் சொல்லாகக் கேட்டுப் பழகியவர்கள் அதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும்: போவேன் என்று உறுதி சொன்ன பிறகுதான் அந்தச் சொல் வருகிறது.

சமயம் சாராத உள்ளுணர்வு ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. கடலுக்குப் போகிறவருடையது. விடியுமுன் மணலில் நின்று, கொண்டலா வாடையா என்று முகத்தில் படும் காற்றைப் பார்த்து, அலை மடியும் இடத்தைப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று வலையைச் சுருட்டி வைத்துவிடும் பெரியவரிடம் காரணம் கேட்டால் நீர் சரியில்லை என்பதற்குமேல் சொல்ல மாட்டார். உப்பளத்திலும் இதே கதைதான். வாரிய உப்பை இன்று மூடுவதா நாளை மூடுவதா என்பதைத் தென்மேற்கே ஒரு பார்வை பார்த்து முடிவு செய்கிறவர் அளவை எதுவும் வைத்திருப்பதில்லை. சொல்லத் தெரியாதது எல்லாம் அறியாதது என்று நினைப்பது பிழை. ஆயிரம் விடியல்களில் பார்த்தது உடம்பில் படிந்து, காரணங்களைத் தாண்டி முடிவாக மட்டும் மேலே வருகிறது.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பது பற்றிப் பல காலம் எதிரெதிர் நிலையில் இருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள் இரண்டு: சூழல் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைச் செய்து, தவறி, திருத்திக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஆளுக்கு இருந்திருக்க வேண்டும். நிச்சயமாகத் தோன்றுகிறது என்பது மட்டும் எதற்கும் சான்றாகாது. கடற்கரைப் பெரியவர் இரண்டிலும் தேறுவார். ஆனால் சூழல் ஒழுங்கு மாறினால் அவரும் தோற்பார். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் கன்னியாகுமரிக்கு அருகே மிகக் குறுகிய நேரத்தில் உருத்திரண்ட ஒக்கிப் புயல், தலைமுறைகளாகக் கடலை அறிந்தவர்களை நடுக்கடலில் பிடித்தது. வானிலை எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்த பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. அன்று உள்ளுணர்வும் போதவில்லை, திட்டமும் போதவில்லை. மீனவர்கள் அதற்குப் பிறகு கேட்டது கடலறிவைத் துறக்கும் வழி அன்று. செயற்கைக்கோள் தொலைபேசியும் உரிய நேரத்தில் வரும் தகவலும்தான்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு ஆறுமுகநேரிச் சாலையில் நடக்கும் பாதயாத்திரையைப் பார்க்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பச்சை வேட்டி, பச்சைச் சேலையில் கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள். முன்னால் மின்விளக்கு போட்ட முருகன் படம் தாங்கிய வண்டி. வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறவர்கள் அதிகம். லாரி வெளிச்சம் படும்போது பையில் ஒட்டிய பட்டை மின்னும். கொப்புளம் விட்ட காலில் துணி சுற்றிக்கொண்டு, தாரை விட்டு ஓர மணலில் இறங்கி நடப்பார்கள். ஏன் இந்த வருடம் வந்தீர்கள் என்றால் பலர் வாயில் ஒரே பதில்: அவன் கூப்பிட்டான், வந்துட்டோம். இந்தப் பேச்சில் பயணத்தின் எழுவாயே மாறிவிடுகிறது. நான் போகிறேன் என்பது போய், அவன் வரவழைக்கிறான் என்றாகிறது. போக முடியாத வருடத்தையும் இதே சொல் தாங்கிக்கொள்கிறது: இந்தத் தடவை கூப்பிடலை. தோல்வியாகவோ சோம்பலாகவோ அது கணக்கில் ஏறுவதில்லை.

ஆனால் கூப்பிட்டு வந்தவர்களின் பயணத்தில் எவ்வளவு ஏற்பாடு இருக்கிறது! விரத நாள் எண்ணி மாலை போட்டிருக்கிறார்கள். பூச நாள் மாறாது. வழி மாறாது. அவர்கள் ஏற்பாடு செய்யாமல் விட்டவை இரண்டு: எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது. அந்த இரண்டையும் அவர்களுக்காக வேறொருவர் ஏற்பாடு செய்திருக்கிறார். சாலையோரப் பந்தலில் அன்னதானம் போடுகிறவர் முந்தின நாளே அரிசி அளந்திருக்கிறார். போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று யோசித்திருக்கிறார். அண்டாவும் விறகும் தண்ணீர் லாரியும் சொல்லி வைத்திருக்கிறார். நடக்கிறவரின் திட்டமில்லாமை சமைக்கிறவரின் திட்டத்தின் மேல் நிற்கிறது. நம்பிப் புறப்படுவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நடக்கிறவரை மட்டுமே பார்க்கிறார்கள். பழைய துறவு நெறி சோறு போடுகிறவரையும் பார்த்தது. அலைந்து திரியும் துறவி நாலு மாத மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியாக வேண்டும் என்றும், பிச்சை கேட்கும் வீட்டுக்குப் பாரமாகக் கூடாது என்றும் விதி வகுத்தது. எதையும் தேடி வைக்காதவருக்குத்தான் ஒழுங்கு கூடுதலாகத் தேவை என்பதை அந்நெறி அறிந்திருந்தது. தமிழில் மனம்போன போக்கு என்பது வசையாக இருப்பதன் காரணமும் இதுதான். மனம்போன போக்கில் போகிறவர் யார் தோளில் ஏறிப் போகிறோம் என்று பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பியவரும் அந்தப் பந்தலுக்கே வந்து சேரும் இரவு உண்டு. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் காயல்பட்டினம், ஆறுமுகநேரி கடந்து ஸ்ரீவைகுண்டத்தோடு நிறுத்தப்பட்டது. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பெய்த மழை சுமார் 95 சென்டிமீட்டர். தண்டவாளத்தின் அடியில் இருந்த சரளை அடித்துக்கொண்டு போயிருந்தது. முன்பதிவுச் சீட்டும் படுக்கை எண்ணும் கையில் வைத்திருந்த சுமார் 800 பேர் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். வண்டியை மேலே விடாமல் நிறுத்தியது ரயில்வேயின் தகவலும் விதியும். அது அத்தனை உயிரையும் காத்தது. நின்றுபோன பின் பயணிகளுக்குச் சோறு போட்டது அக்கம்பக்கத்துக் கிராமத்தார். தங்கள் வீடுகளைச் சுற்றியும் தண்ணீர் நிற்க, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அதற்கு யாரும் முன்கூட்டித் திட்டம் போட்டிருக்கவில்லை. வருகிறவருக்குச் சோறு போட்டுப் பழகிய கை அந்த நேரத்தில் தானாக எழுந்தது. கடலோரப் பெரியவரின் காற்றறிவு எந்த வகையோ அந்த வகை அறிவுதான் இதுவும்.

கணக்கும் அழைப்பும் ஒரே ஆளுக்குள் சேர்ந்த கதை ஒன்றைத் திருச்செந்தூர்த் தலவரலாறு சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்துத் தங்கள் இருப்பிடமாக்கி, போகும்போது சண்முகரின் உலோகத் திருமேனியையும் நடராசரையும் எடுத்துப் போனார்கள். கடல் கொந்தளிக்கவே, கப்பலைக் காக்கத் திருமேனிகளைக் கடலில் இறக்கிவிட்டார்கள் என்கிறது வரலாறு. திருநெல்வேலிப் பகுதியை நிர்வகித்த வடமலையப்பப் பிள்ளை செய்தி கேட்டு முதலில் செய்தது, அதேபோல் ஐம்பொன்னில் இன்னொரு திருமேனி வார்க்கச் சொன்னதுதான். இழந்தது கிடைக்காது என்று வைத்துக்கொண்டு பூசை தடைப்படாதிருக்க ஒரு பொறுப்பான அதிகாரி செய்யக்கூடிய காரியம் அது. அதன் பிறகே கனவு வருகிறது: எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்று. அவர் கடலறிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு படகில் போனார். பழம் மிதந்தது, கருடன் வட்டமிட்டது, அங்கே இறங்கியவர்கள் திருமேனியோடு மேலே வந்தார்கள்.

கிடைத்த சண்முகர் திருச்செந்தூருக்குத் திரும்பினார். வார்த்து வைத்த புதுத் திருமேனியை உருக்கிவிடவில்லை. பாளையங்கோட்டைத் திருப்பிராந்தீசர் கோயிலில் எழுந்தருளச் செய்தார்கள். அங்கேயும் பூசை நடக்கிறது.